உங்களுக்குத் தெரியுமா? போலோனி இறைச்சியும் 216 உயிர்களும்

● உலகில் இதுவரை பதிவானதிலேயே மிகப் பெரிய லிஸ்டீரியா கிருமி நோய்ப்பரவல் 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 1,060 பேர். இறந்தவர்கள் 216 பேர். நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். தாய் சாப்பிட்டதில் இருந்த கிருமி வயிற்றுப் பிள்ளையைத் தாக்கியிருந்தது.

● பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த மருத்துவர்கள்தான் முதலில் சுதாரித்தார்கள். இந்த நோயை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற விதி அங்கே 2017 டிசம்பரில்தான் வந்தது. எவ்வளவு தாமதம்!

● லிஸ்டீரியா உடம்புக்குள் போன பிறகு 70 நாள் வரைகூட நோய் வெளியே தெரியாமல் இருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? விசாரணை திணறியது இதனால்தான். ஆனாலும் நோயாளிகள் பலரும் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் ஒன்று உண்டு: போலோனி. இளஞ்சிவப்பு நிறத்தில் தடித்த சாசேஜ். விலை மலிவு. வில்லைகளாக நறுக்கி, சூடாக்காமலே ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள்.

● முடிச்சு அவிழ்ந்தது சோவெட்டோவில். 2018 ஜனவரியில் ஒரு மழலையர் காப்பகத்துப் பிள்ளைகள் சிலர் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக கிறிஸ் ஹானி பாரக்வநாத் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒரு பிள்ளையின் மலத்தில் லிஸ்டீரியா இருந்தது. சுகாதார ஆய்வாளர்கள் உடனே காப்பகத்துக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து, அங்கிருந்த போலோனியைச் சோதனைக்கு எடுத்தார்கள். அதிலும் அதே கிருமி! சாதாரண வயிற்றுப்போக்குதானே என்று மாத்திரை கொடுத்து அனுப்பாமல் மலப் பரிசோதனைக்கு எழுதிய மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

● அடுத்து, போலோனி தயாரித்த பொலோக்வானே நகரின் இறைச்சி ஆலை. அங்கே எடுத்த மாதிரிகளில் இருந்த கிருமியின் மரபணு வரிசையும், நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் இருந்ததும் ஒரே வகை: எஸ்டி6. 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோலெடி இதை அறிவித்தார். அந்த ஆலையின் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அதன் பிறகு புதிய நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது.

● ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி செல்சியஸிலும் லிஸ்டீரியா பெருகும். கர்ப்பிணிகள் சாசேஜ், சலாமி போன்றவற்றை ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே சாப்பிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.