தீவுக்கும் ஒரு பட்டம் உண்டு

போன மாசியில் சம்பா அறுப்பு முடிந்து களம் காலியான பிறகு, மகளும் மருமகனும் என்னை இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குக் கூட்டிப்போனார்கள். ஐந்து நாள் சுற்றுலா. "இப்ப போனாத்தான்ப்பா டிக்கெட்டும் ரூமும் விலை கம்மி" என்றாள் மகள். ஏன் கம்மி என்று இறங்கிய அன்றைக்கே தெரிந்தது. மதியம் பிடித்த மழை ராத்திரி வரைக்கும் விடவில்லை. கடற்கரைக்காக வந்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு வண்டி ஓட்டிய டிரைவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். அவருக்கு முக்கால் ஏக்கர் நெல் வயல் இருந்தது.

சுற்றுலாக்காரர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாலிக்கு "நல்ல சீசன்" என்கிறார்கள். வெயில் அடிக்கும், மழை குறைவு, அதனால் கூட்டம் அதிகம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். டிரைவரிடம் கேட்டால் இதை அப்படியே திருப்பிச் சொல்வார். ஒரே வானம்தான். பார்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்து நல்ல காலமும் மாறுகிறது.

நம்ம டெல்டா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. பாலி தெற்கே எட்டரை டிகிரியில். அதனால் அங்கே குளிர்காலம், கோடைக்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. கடலோரத்தில் வருஷம் முழுக்கப் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். பருவம் என்றால் அங்கே மழைதான். தென்கரையில் ஜனவரியில் 300 மி.மீ. அளவுக்குப் பெய்யும், ஆகஸ்டில் 50 மி.மீ. வந்தாலே அதிகம்.

காற்றின் கணக்கைப் பார்த்தால் அவர்களும் நாமும் உறவுக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆசியக் கண்டம் குளிர்ந்ததும் காற்று கடலைப் பார்த்து வீசுகிறது. நமக்கு அதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. தென்கிழக்கு ஆசியப் பக்கம் அதே மாதிரி கிளம்பும் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் திசை திரும்பி, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் ஈரத்தோடு பாலியில் மோதுகிறது. ஜூன், ஜூலையில் எல்லாம் தலைகீழ். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்திலிருந்து வரும் தென்கிழக்குக் காற்றில் ஈரம் குறைவு. அதுதான் பாலியின் வறட்சிக்காலம்.

தீவு சின்னது, ஆனால் நடுவில் எரிமலைகள். ஆகுங் மலை 3,000 மீட்டருக்கும் மேலே. மலைச்சரிவில் மழை கொட்டும். வடகரை மழை மறைவில் இருப்பதால் அங்கே திராட்சைகூட விளைகிறது. தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் தண்ணீர் நிற்காது. மரவள்ளி, சோளம் என்று மானாவாரிதான். அரை நாள் பயணத்துக்குள் மூன்று விதமான நிலம் பார்த்துவிடலாம்.

மழை பெய்தால் மட்டும் பட்டம் ஆகிவிடாது என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அங்கே ஆறுகள் ஆழமான பள்ளத்தில் ஓடுகின்றன. தண்ணீரை மேலேற்ற, அணை கட்டிப் பாறைக்குள் சுரங்கம் குடைந்து வாய்க்கால் கொண்டுவந்திருக்கிறார்கள். 1,000 வருஷத்துக்கும் மேலான வேலை. ஒரு வாய்க்காலில் பாசனம் பெறுகிறவர்கள் சேர்ந்த சங்கத்துக்கு 'சுபாக்' என்று பெயர். ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோயில், பல சுபாக்குகளுக்குப் பொதுவாக ஒரு பெரிய கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் ஏரியின் தண்ணீர் தெய்வத்துக்கான கோயில். கோயிலில் கூடித்தான் யார் எப்போது நாற்று விடுவது, யார் எப்போது நடுவது என்று முடிவு செய்கிறார்கள். இந்த முறையைத்தான் 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த முடிவு அவ்வளவு சுலபம் இல்லை. எல்லோரும் ஒரே நாளில் சேறடித்தால் தண்ணீர் போதாது. ஆளாளுக்கு ஒரு நாள் நட்டால் பூச்சி ஓயாது. புகையானுக்கு நெல்லை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. முட்டையிலிருந்து தாய்ப்பூச்சி ஆக ஒரு மாதம்கூட வேண்டாம். ஒரு வயல் முற்றிக் காய்ந்தால் இறக்கை முளைத்துப் பக்கத்துப் பச்சை வயலுக்குப் பறந்துவிடும். ஒரு பகுதி முழுக்கச் சேர்ந்து நட்டு, சேர்ந்து அறுத்து, சில வாரம் நெல்லே இல்லாமல் போட்டால் அது பட்டினி கிடந்து அழியும். அதனால் பாலிக்காரர்கள் நடுவழி பிடித்தார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுபாக்குகள் கூட்டாக ஒரே காலத்தில் நடும், அடுத்த கூட்டம் சில வாரம் தள்ளி நடும். தண்ணீரும் பங்காகும், பூச்சியும் அடங்கும். தலைமடைக்காரர் கடைமடைக்குத் தண்ணீர் விடுவதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. விடாவிட்டால் கடைமடை தள்ளி நடும், அங்கே வளர்ந்த பூச்சி தலைமடைக்குத்தான் வரும்.

1970களில் பசுமைப் புரட்சி அங்கேயும் போனது. குறுகிய வயது ரகம், உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கொடுத்து, கோயில் கணக்கை விட்டுவிட்டு வருஷத்தில் எத்தனை போகம் முடியுமோ அத்தனை போடுங்கள் என்றார்கள். முதலில் விளைச்சல் ஏறியது. பிறகு புகையான் வந்தது. அதைத் தாங்கும் ரகம் கொடுத்தார்கள், துங்ரோ நோய் வந்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் செத்தன. கடைசியில் விவசாயிகளே பழைய கூட்டு முறைக்குத் திரும்பினார்கள். ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் இரண்டு ஆறுகளில் உள்ள 172 சுபாக்குகளைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். தனித்தனியாக நட்டாலும் விளைச்சல் குறைவு, எல்லாரும் ஒரே நாளில் நட்டாலும் குறைவு. கோயில் அளவில் கூடிப் பேசி நடுவதுதான் அதிக விளைச்சல் தந்தது. 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. நம்ம ஊருக்கு வந்த உழவர் வயல்வெளிப் பள்ளியும் அந்த நாட்டு நெல் வயலில் தொடங்கியதுதான்.

இதைக் கேட்டபோது என் வயல்தான் கண் முன்னே வந்தது. மூன்று வருஷம் முன்னாடி மூன்று ஏக்கரில் தூயமல்லி போட்டேன். விதை கிடைக்கத் தாமதமாகி இருபது நாள் பிந்தி நட்டேன். பஞ்சகவ்யா, வேப்பங்கொட்டைக் கரைசல், பட்டம் விட்டு நடுவது என்று ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சுற்றி எல்லாரும் அறுத்தபோது என் வயல் மட்டும் பச்சையாக நின்றது. பத்தே நாளில் வட்ட வட்டமாகக் கருகி, பாதி போச்சு. "இயற்கை விவசாயம்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கரைசலில்தான் கோளாறு என்று நானும் நினைத்திருந்தேன். கோளாறு நாள் கணக்கில் இருந்திருக்கிறது. நம் வரப்புக்குள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஊரோடு பட்டம் ஒத்துப்போகாவிட்டால் பூச்சிக்கு நாமே பந்தி வைக்கிறோம்.

பாலியைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் பெரும்பாலான வயலில் யூரியா போகிறது. வயல்கள் விடுதிகளாகின்றன. கூட்டம் குவிவது ஜூலை, ஆகஸ்டில். மழை குறைந்த அந்த மாதங்களில் நீச்சல் குளமும் வயலும் தண்ணீருக்குப் போட்டி போடுகின்றன.

பருவமும் சொன்னபடி வருவதில்லை. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வருஷங்களில் இந்தோனேசியாவில் மழை பிந்தும், வறட்சி நீளும். நமக்கு அதே வருஷம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும், வடகிழக்கு அதிகமாகும். 2015-இல் அங்கே காடு எரிந்தது, இங்கே சென்னை மூழ்கியது. எல் நினோ வருகிறது என்ற செய்தி வைகாசி, ஆனி வாக்கில் கிடைத்துவிடும். வந்தால் மேட்டூரை நம்பிக் குறுவை போடுவதை யோசிக்க வேண்டும், சம்பாவுக்கு வெள்ளம் தாங்கும் ரகமும் வடிகாலும் தயாராக வேண்டும். இதையும் தனியாளாகச் செய்ய முடியாது. வடிகால் பத்து வயலைத் தாண்டித்தானே போகிறது!

நமக்கும் இது புதுசு இல்லை. நீர்க்கட்டி இருந்தார், ஏரிக்கரையில் அய்யனார் இருந்தார், குடிமராமத்து இருந்தது. ஆளுக்கொரு போர் போட்ட பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் எங்கள் கிளை வாய்க்காலில் உள்ளவர்களிடம் பேசினேன். இயற்கை, ரசாயனம் என்று பிரித்துப் பேசவில்லை, நாளை மட்டும்தான் பேசினேன். பதினாலு பேரில் பதினொரு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஆவணிக் கடைசியில் தொடங்கிப் பத்து நாளைக்குள் எல்லாரும் நாற்று விடுவது, வயதில் நெருங்கிய ரகங்களாக எடுப்பது, அறுத்த பிறகு உளுந்தோ பயறோ தவிர யாரும் கோடை நெல் போடாமல் இருப்பது. போர் வைத்திருக்கும் இரண்டு பேர் இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஒருத்தர் கோடையில் நெல்லுக்குப் பதில் எள் போடுகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதுவே எனக்குப் போதும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் ஊரையே கூட்ட வேண்டாம். உங்கள் வயலைச் சுற்றி எட்டுப் பேர், ஒரு மடை, ஒரு தேதி. ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் வாங்கிப் பொதுவில் வையுங்கள். தை அறுப்பு முடிந்ததும் எங்கள் வாய்க்காலில் என்ன நடந்தது என்று, நல்லதோ கெட்டதோ, இதே இதழில் எழுதுகிறேன்.