மயிர் நடுகைச் சத்திரசிகிச்சையும் இளைஞரும்

வள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்திலே, தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தருக்குத் தலையினின்று வீழ்ந்த மயிரை உவமை கூறினார். தலையிலே இருக்கும்வரை எண்ணெயிட்டும் வாரியும் பேணப்படும் மயிர், வீழ்ந்தபின் எவராலும் மதிக்கப்படுவதில்லை. ஆயினும் மயிரை இழந்தவன் மானத்தையும் இழந்தான் என்று வள்ளுவர் கூறினாரல்லர். இருபது, இருபத்திரண்டு வயதிலே நெற்றி மேலேறக் காணும் இளைஞனோ கண்ணாடியின் முன்னே நின்று அவ்வாறே எண்ணுகின்றான். தோழர் செய்யும் கேலியும், திருமணப் பேச்சு எழுங்காலம் நெருங்குகின்றதே என்னும் கவலையும் அவனை வாட்டுகின்றன. இந்நிலையில் மயிர் நடுகைச் சத்திரசிகிச்சை என்னும் வழி அவன் கண்ணுக்குப் புலனாகின்றது. அவ்வழி யாது, அது தரவல்லது எவ்வளவு, இளமையிலே அதனை நாடுவோர் எண்ணத்தக்கன யாவை என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

மயிரின் இயல்பு

மனிதர் தலையிலே ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள. ஒவ்வொன்றும் தோலினுள்ளே புதைந்துள்ள மயிர்ப்புடைப்பு என்னும் நுண்ணிய பையிலிருந்து தோன்றுகின்றது. இப்புடைப்பு இரண்டு முதல் ஆறு ஆண்டுகள்வரை மயிரை வளர்க்கும். பின்னர்ச் சில வாரங்களில் வளர்ச்சியை ஒடுக்கும். அதன்பின் மூன்று மாதமளவு ஓய்ந்திருந்து, பழைய மயிரை உதிர்த்துப் புதியதை முளைப்பிக்கும். ஆதலின் நாள்தோறும் 50 முதல் 100 வரையான மயிர்கள் உதிர்தல் இயற்கையேயாம். நேர்த்திக்கடனுக்காக மழித்த தலையிலே மயிர் மீண்டும் வளர்வதற்குக் காரணம், கத்தி புடைப்பைத் தீண்டாமையே. மழித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்னும் நம்பிக்கை பொருந்தாமைக்கும் இதுவே காரணம்.

வழுக்கையில் நிகழ்வது வேறு. அங்கே புடைப்பானது ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துச் செல்கின்றது. வளர்ச்சிக் காலம் குறுகுகின்றது. தடித்த கரிய மயிர் தோன்றிய இடத்திலே மெல்லிய பூனைமயிர் தோன்றி, ஈற்றில் அதுவும் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. நெற்றியின் இருமருங்கும் உச்சியும் இம்மாற்றத்துக்கு உட்பட, பின்தலையும் காதுகளின் மேற்புறமும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

காரணம்

விதை நீக்கப்பட்ட ஆடவர் வழுக்கையடைவதில்லை என்பதைப் பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களே குறித்துள்ளன. இதன் உட்பொருளை 1942 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹமில்டன் என்னும் அறிஞர் விளக்கினார். பருவமடையுமுன் விதையின் தொழிற்பாட்டை இழந்தோர்க்கு வழுக்கை தோன்றவில்லை. அவர்களுக்கு ஆண் ஓமோன் கொடுக்கப்பட்டபோது, குடும்பத்திலே வழுக்கையுடையோரிற் சிலருக்கு அது தோன்றலாயிற்று. ஆகவே, பரம்பரையும் ஓமோனும் ஒருங்கு கூடியே வழுக்கையை விளைவிக்கின்றன என்பது தெளிவாயிற்று.

1974 ஆம் ஆண்டில் மற்றுமோர் உண்மை வெளிப்பட்டது. டொமினிக்கன் குடியரசின் கிராமமொன்றிலே சில குடும்பத்தார், ஆண் ஓமோனை அதனினும் வலிமை மிக்க வேறோர் ஓமோனாக மாற்றும் நொதியம் குறைவுற்றுப் பிறந்திருந்தனர். அவர்களுள் வளர்ந்த ஆடவரிடத்து நெற்றிமயிர் பின்வாங்குதல் காணப்படவில்லை. புடைப்பைச் சிறுக்கச் செய்வது அம்மாறிய ஓமோனே என்பதற்கு இது சான்றாயிற்று. அந்நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்டெரைட் என்னும் மருந்து 1997 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே ஆடவர் வழுக்கைக்கென அனுமதி பெற்றது.

நடுகையின் வரலாறு

1939 ஆம் ஆண்டில் யப்பானிய மருத்துவர் ஒக்குடா, தீப்புண்பட்ட தலைகளிலே மயிருள்ள தோலைச் சிறு வட்டங்களாக எடுத்து நட்டு வெற்றிகண்டார். அடுத்து வந்த உலகப்போர் காரணமாக அவர்தம் கட்டுரைகள் மேலைநாட்டாரை எட்டவில்லை. நியூயோர்க் நகரத் தோல் மருத்துவர் நோர்மன் ஒரென்ட்ரைக் 1952 ஆம் ஆண்டில் வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டு, 1959 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பின்தலையிலிருந்து எடுத்த மயிர் வழுக்கை நிலத்தில் நடப்பட்டபோதும் தன் இயல்பு மாறாது வளர்ந்தது. வழுக்கையிலிருந்து எடுத்த தோலோ மயிரடர்ந்த இடத்தில் நடப்பட்டபோதும் வழுக்கையாகவே இருந்தது. புடைப்பு, தான் சென்ற இடத்தின் இயல்பைப் பெறாது, பிறந்த இடத்தின் இயல்பையே காத்துக்கொள்கின்றது. நடுகை முறை முழுவதும் இவ்வொரு விதியிலேயே தங்கியுள்ளது.

தொடக்ககாலத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலமான தோல்வட்டங்கள் நடப்பட்டமையால், தலை பொம்மைத் தலைபோற் காட்சியளித்தது. மயிர்கள் ஒன்று முதல் நான்கு வரையான சிறு கூட்டங்களாகவே இயற்கையில் தோன்றுகின்றன என்பது 1984 ஆம் ஆண்டில் விளக்கப்பட்டபின், அக்கூட்டங்களையே தனித்தனியாகப் பிரித்து நடும் வழக்கம் வளர்ந்தது. இன்று இருமுறைகள் வழங்குகின்றன. ஒன்று, பின்தலையிலே தோற்பட்டி ஒன்றை வெட்டியெடுத்து, நுணுக்குக்காட்டியின் துணையுடன் கூட்டங்களைப் பிரிப்பது. இதிலே கோடுபோன்ற தழும்பு எஞ்சும். மற்றையது, 1 மில்லிமீற்றருக்கு உட்பட்ட துளைகருவியாற் கூட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டியெடுப்பது. இதிலே புள்ளித் தழும்புகள் எஞ்சும். தழும்பில்லாத முறை எதுவும் இல்லை. நட்ட மயிர் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதங்களின்பின் முளைக்கத் தொடங்கும். முழுப்பயனைக் காண ஏறத்தாழ ஓராண்டு செல்லும்.

மீள விதைக்கலாகாத நாற்றுமேடை

இச்சிகிச்சை புதிய மயிரை ஆக்குவதன்று. உள்ள மயிரை இடமாற்றுவதே. மிளகாய்க் கன்றை நாற்றுமேடையினின்று பிடுங்கித் தோட்டத்திலே நடுதலுக்கு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கமக்காரன் நாற்றுமேடையிலே மறுபடியும் விதை தூவலாம். பின்தலையாகிய நாற்றுமேடையிலோ, பிடுங்கிய இடத்தில் மீண்டும் எதுவும் முளைப்பதில்லை. வாழ்நாள் முழுவதிலும் ஒருவர் தலையிலிருந்து பின்தலை வெறுமையாகத் தோன்றாதவாறு எடுக்கத்தக்கது, பொதுவாக 6,000 கூட்டங்களை அடுத்ததேயாம்; சிலருக்கு இதனினும் குறைவு.

ஒரு கணக்கை நோக்குக. முதிர்ந்த வழுக்கையொன்றின் பரப்பு 200 சதுர சதமமீற்றர் எனக் கொள்வோம். இயற்கை அடர்த்தி சதுர சதமமீற்றருக்கு 80 கூட்டங்களாயின், அதனை நிரப்ப 16,000 கூட்டங்கள் வேண்டும். இருப்பதோ 6,000. எனவே முழுப்பரப்பையும் மூடினால் அடர்த்தி 30 அளவிலேயே அமையும். அதுவும் கண்ணுக்கு ஒருவாறு நிறைவு தரலாம். ஆயினும் இளமைத் தலை மீண்டதாகாது.

இனி, 22 வயது இளைஞன் ஒருவன் நெற்றியோரத்தை மட்டும் பதினாறு வயதிற் போலத் தாழ்த்தி அடர்த்தியாக அமைக்க 3,000 கூட்டங்களைச் செலவிட்டான் என்க. நட்ட மயிர் நிலைத்திருக்கும். அதன் பின்னாலுள்ள இயற்கை மயிரோ நடுகையால் காக்கப்படுவதில்லை. அது தன் விதிப்படி உதிர்ந்துகொண்டே செல்லும். நாற்பது வயதிலே நெற்றியோரத்தில் அடர்ந்த ஒரு கீற்றும், அதன்பின் வெறுமையான உச்சியுமாக அவன் தலை தீவுபட்டுத் தோன்றலாம். எஞ்சிய 3,000 கூட்டங்கள் அவ்வெறுமையை மூடப் போதா. ஐம்பது வயது முகத்துக்குப் பதினாறு வயது நெற்றியும் ஒவ்வாது. இருபதுகளின் தொடக்கத்திலே வழுக்கை எத்துணைப் பரவும் என்பதை எவராலும் உறுதியாகக் கூறவியலாது. ஆதலினாலேயே பொறுப்புள்ள மருத்துவர் பலர் மிக இளையோரைச் சில ஆண்டுகள் பொறுத்திருக்குமாறு கூறுகின்றனர்.

முதலிற் செய்யத்தக்கன

உதிர்வனவெல்லாம் வழுக்கையல்ல. டெங்கு, நெருப்புக்காய்ச்சல் முதலிய நோய்களுக்கு இரண்டு மூன்று மாதங்களின்பின் மயிர் பெருந்தொகையாக உதிர்ந்து, தானே மீள்வதுண்டு. இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறும் உதிர்வை விளைவிக்கும். வட்ட வட்டமாக உதிர்வது உடலின் எதிர்ப்பாற்றல் தன் புடைப்பையே தாக்குவதனால் நிகழ்வது. அது தாக்கி நிற்கும்போது நடுகை பயன்தராது. எனவே தோல் மருத்துவரிடம் காரணத்தை அறிதலே முதற்படி.

காரணம் பரம்பரை வழுக்கையாயின், மருந்து அடுத்த படி. தலையிற் பூசும் மினொக்சிடில் 1988 ஆம் ஆண்டிலிருந்து இதற்கென ஐக்கிய அமெரிக்காவில் வழங்கிவருகின்றது. பினாஸ்டெரைட் எஞ்சிய மயிரைக் காப்பதிற் பலருக்கு உதவுகின்றது. இரண்டும் நிறுத்தப்பட்டாற் பயனும் நீங்கும். பினாஸ்டெரைட்டை உண்போரிற் சிலருக்குப் பாலியற் குறைபாடும் மனச்சோர்வும் தோன்றுவதால், மருத்துவர் ஆலோசனையின்றி அதனை உண்ணலாகாது.

இவற்றின் பின்னரே சத்திரசிகிச்சை பற்றி எண்ணுதல் முறையாகும். கொழும்பிலும் இந்திய நகரங்களிலும் இது செய்யப்படுகின்றது. துருக்கியின் இஸ்தான்புல் நகருக்கு வெளிநாட்டார் இதற்காகவே பெருந்தொகையாகச் செல்கின்றனர். வாணிகம் பெருகிய இடத்திலே தகுதியற்றோரும் புகுவர். 2022 ஆம் ஆண்டில் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம், உரிய பயிற்சி பெற்ற மருத்துவரே இதனைச் செய்தல் வேண்டும் என்றும், காணொளி பார்த்துக் கற்றல் போதாது என்றும் அறிவுறுத்த நேர்ந்தமை இதனைக் காட்டும். தோலைத் துளைப்பவர் மருத்துவரா, உதவியாளரா? எத்தனை கூட்டங்கள் எடுக்கப்படும்? எத்தனை எஞ்சும்? உச்சியும் வெறுமையானால் அடுத்த திட்டம் யாது? இவ்வினாக்களுக்கு நேர்விடை தராத இடத்தை விட்டு நீங்குதலே நன்று.

காத்திருத்தல் இழப்பாகுமோ என இளைஞன் அஞ்சலாம். அவ்வச்சத்துக்கு விடை ஒரென்ட்ரைக் கண்ட விதியிலேயே உண்டு. பின்தலை மயிர் நிலைபேறுடையதாதலாற்றான் நடுகை பயன்படுகின்றது; அவ்வாறாயின் இன்று எடுக்கப்படாத மயிர் ஐந்தாண்டு கழித்தும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே இருக்கும். அவசரத்தாற் செலவிட்டது மீளாது. பொறுமையாற் காத்தது கைவிட்டுப் போகாது. இதற்கிடையே வழுக்கை தன் போக்கைக் காட்டிவிடும். இளைஞனும் தன் முகத்தோடு பழகிவிடுதல் கூடும். அப்பொழுதும் அவன் நடுகையை விரும்புவானாயின் அது தெளிந்த தேர்வாகும்; விரும்பானாயின் அதனாலும் குறைவொன்றில்லை. தலையினின்று வீழ்வது மயிரேயன்றி, அவன் நிலையன்று.