மருந்துச்சீட்டு மறுவழங்கல்

மருந்துச்சீட்டு மறுவழங்கல் என்பது, முன்பு மருந்து வாங்கிய அதே சீட்டைக் கொண்டு மீண்டும் மருந்து பெறுவதைக் குறிக்கும். இந்தியாவில் இதனை, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1945-ஆம் ஆண்டு விதிகளில் 65-ஆவது விதி நெறிப்படுத்துகிறது. ஒரு சீட்டை எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்று பலர் கருதுகின்றனர். விதி அவ்வாறு கூறவில்லை.

அடிப்படை விதி

எச், எச்1, எக்ஸ் ஆகிய அட்டவணைகளில் உள்ள மருந்துகளுக்கான சீட்டுக்கு ஒருமுறை மட்டுமே மருந்து வழங்கலாம். மருத்துவர் சீட்டிலேயே அனுமதி எழுதியிருந்தால் மட்டும் மீண்டும் வழங்கலாம். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று அவர் குறித்திருந்தால் அதை மீறக் கூடாது. மருந்து வழங்கிய கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றை மருத்துவரின் கையொப்பத்திற்கு மேல் குறிக்க வேண்டும். அடுத்து வழங்கும் மருந்தாளுநருக்கு இக்குறிப்பே கணக்கு.

அட்டவணைகள்

- எச்: இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் போன்றவை.
- எச்1: 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. செஃபிக்சிம் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்றவை இதில் அடங்கும். மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.
- எக்ஸ்: கெட்டமின் போன்றவை. சீட்டு இரு படிகளில் இருக்க வேண்டும். ஒன்றைக் கடையில் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நடைமுறையில்

இராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூரைச் சேர்ந்த ஒருவர் மதுரையில் சிறப்பு மருத்துவரைப் பார்த்து, ஊர் திரும்பி மாதந்தோறும் உள்ளூர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவதாகக் கொள்வோம். சீட்டில் "3 மாதங்களுக்கு, மாதம் ஒருமுறை வழங்கலாம்" என்று எழுதப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. இல்லையெனில், இரண்டாம் மாதமே மருந்தாளுநர் மறுப்பது சட்டப்படி சரியே. ஆகவே மருத்துவரிடமிருந்து விடைபெறும் முன்பே இவ்வரியை எழுதித் தரக் கேட்பது நல்லது.

இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளோருக்கு மருந்து தடையின்றிக் கிடைக்க, தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் உதவுகிறது.

நோக்கம்

பழைய சீட்டில் உள்ள மருந்தளவு இன்றைய உடல்நிலைக்குப் பொருந்தாமல் போகலாம். முந்தைய காய்ச்சலுக்கு எழுதிய நுண்ணுயிர்க்கொல்லியைப் புதிய காய்ச்சலுக்கு வாங்கி உண்பதால், கிருமிகள் மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெறுகின்றன. தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். மறுவழங்கலுக்கான கட்டுப்பாடு இவற்றைத் தடுக்கவே அமைந்தது.