கடலில் ஓடும் படகுக்குச் சாலை வரி

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிவதற்குள் மீன்வளத்துறை அலுவலர்கள் கரைக்கு வந்து படகுகளை நேரில் ஆய்வு செய்வதும், ஆய்வுக்குக் காட்டாத படகுகளுக்கு வரிவிலக்கு டீசல் நிறுத்தப்படும் என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிவிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஆய்வு நாள் நெருங்கும்போது பழவேற்காட்டுப் பகுதியிலிருந்து நாளிதழுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே ஐயத்தையே எழுப்புகின்றன: வரியே இல்லை என்று சொல்லப்படும் டீசல் ஏன் இன்னமும் லிட்டருக்கு 70 ரூபாய்க்கு மேல் விற்கிறது?

வரி இல்லை என்பது பாதி உண்மை. தமிழ்நாடு அரசு விட்டுக்கொடுப்பது தன்னுடைய மதிப்புக்கூட்டு வரியை மட்டுமே. டீசலுக்கு அந்த வரி 11 விழுக்காடும் அதன்மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் சேர்ந்தது. விற்பனை நிலைய விலை 92 ரூபாயை ஒட்டி நிற்கும்போது அது ஏறத்தாழ 17 ரூபாய் 80 காசாகிறது. அறிக்கைகள் இதை மானியம் என்று குறிப்பிட்டாலும் கருவூலத்திலிருந்து பணம் எதுவும் வெளியேறுவதில்லை. வாங்கியிருக்க வேண்டிய வரி வாங்கப்படவில்லை, அவ்வளவே. பதிவுபெற்ற நாட்டுப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டராக இருந்த அளவை 4,400 ஆகவும், விசைப்படகுக்கு 18,000-ஐ 19,000 ஆகவும் உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வெளியானது.

மற்றொரு பாதி ஒன்றிய அரசின் கலால் வரி. மீனவருக்காக அதில் ஒரு காசும் கழிவதில்லை. 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் அது லிட்டருக்கு 17 ரூபாய் 80 காசு என்றானதால், விலக்கப்பட்ட வரியும் விலக்கப்படாத வரியும் தற்செயலாக ஒரே அளவில் வந்து நின்றன. 2025-இல் அந்தத் தொகையில் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு, சிறப்புக் கூடுதல் கலால் 10 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி 4 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு மேல்வரி 2 ரூபாய். இந்த நான்கில் முதலாவது மட்டுமே மாநிலங்களோடு பகிரப்படுவது. எஞ்சிய 16 ரூபாயும் தில்லியிலேயே தங்கிவிட்டது. ஓர் அடி சாலையைக்கூடத் தொடாத பைபர் நாட்டுப்படகு அந்த வீதத்தில் தன் ஆண்டு ஒதுக்கீட்டை முழுமையாகப் பயன்படுத்தியிருந்தால், சாலைக்கென்று 8,800 ரூபாயும் மொத்தக் கலாலாக 78,320 ரூபாயும் செலுத்தியிருக்கும். 2018-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பின் அந்தச் சாலை மேல்வரி நிதி துறைமுகங்களுக்கும் பயன்படும் என்று அதிகாரிகள் விடையளிக்கக்கூடும். ஆனால் பழவேற்காட்டுக்குப் பக்கத்திலுள்ள துறைமுகம் தனியார் வசமுள்ள காட்டுப்பள்ளி, அதன் விரிவாக்கத்தை எதிர்த்துப் போராடிவருபவர்களோ பழவேற்காட்டு மீனவக் குப்பங்களின் மக்கள்.

இந்த வரியை உண்மையில் யார் கட்டுகிறார் என்ற கேள்விதான் கவனிக்கத்தக்கது, ஏனெனில் டீசல் கணக்குப் புத்தகம் படகின் உரிமையாளர் பெயரில் இருக்கிறதே தவிர, சுமை அவரோடு நிற்பதில்லை. கடலுக்குப் போகும் ஆட்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது; மீன் ஏலத்தில் வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளை முதலில் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்குமாகப் பங்கு வைப்பதே வழக்கம். பங்குகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் கழித்தபின் பிரிப்பது என்ற வரிசை மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு நாள் ஏலத்தில் 5,000 ரூபாய் கிடைத்தது, 25 லிட்டர் டீசல் 74 ரூபாய் வீதம் செலவானது, படகுக்கும் வலைக்கும் 2 பங்கு, ஆட்கள் நால்வருக்கு 4 பங்கு என்று வைத்துக்கொண்டு, மற்றச் செலவுகளை ஒதுக்கிவிட்டால், டீசலுக்குரிய 1,850 போக மிஞ்சும் 3,150 ரூபாயில் ஒரு பங்கு 525 ஆகும். லிட்டருக்கு 17 ரூபாய் 80 காசு கலால் வரி இல்லாதிருந்தால் 445 ரூபாய் மிச்சமாகி ஒரு பங்கு ஏறத்தாழ 599 ஆகியிருக்கும். ஆகவே ஒவ்வோர் ஆளும் அன்றைக்கு 74 ரூபாயும், நால்வரும் சேர்ந்து வரியின் மூன்றில் இரண்டு பங்கான 297 ரூபாயும் செலுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெயரில் ரசீது இல்லை, எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர்கள் எரிபொருள் வரி செலுத்துவோராக இடம்பெறுவதுமில்லை. மீன் கிடைக்காத நாளில் கழிப்பதற்கே பணம் போதாமல், டீசல் தொகை கடனாக நின்று அடுத்த நாள் பங்கிலிருந்து கழிகிறது.

பழவேற்காட்டுக்கு இன்னுமொரு கூடுதல் செலவு உண்டு. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடுவதால், படகுகள் நீரேற்றத்துக்காகக் காத்திருந்தோ தரைதட்டித் தள்ளப்பட்டோ கடலை அடைய வேண்டியிருக்கிறது. மீன் பிடிக்கும் இடத்தை அடையும் முன்பே டீசலில் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது. ஏரிக்குள் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் பின்பற்றிவந்த பாடு முறை, அதாவது வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு, எஞ்சினை அதிகம் நம்பாதது. ஏரியில் மீன் குறையக் குறையக் கடலையும், கடலுக்காக டீசலையும் சார்ந்திருப்பது கூடுகிறது.

கடிதங்களில் எஞ்சியுள்ள கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள் வருமாறு.

கச்சா எண்ணெய் விலை இறங்கினால் டீசல் மலிவாகுமா? 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் இறங்கியபோது கலாலை 2 ரூபாய் உயர்த்திய ஒன்றிய அரசு, விற்பனை விலை உயரவில்லை என்பதை நற்செய்தியாகவே அறிவித்தது. குறைந்திருக்க வேண்டிய 2 ரூபாய் குறையாமல் போனதை அந்த அறிவிப்பு சொல்லவில்லை.

டீசல் ஜி.எஸ்.டி.க்குள் வருமா? 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் அதற்கான காலம் இதுவல்ல என்று முடிவெடுத்தது.

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் இந்த விலக்கை நிறுத்திவிடுமா? 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மீன்வள மானிய ஒப்பந்தம் சட்டவிரோத மீன்பிடிப்பு, அளவுமீறிப் பிடிக்கப்பட்ட மீனினங்கள் போன்றவற்றைப் பற்றியது. மிகை மீன்பிடித் திறனை ஊக்குவிக்கும் மானியங்கள் குறித்த பேச்சு இன்னும் முடியவில்லை.

மண்ணெண்ணெய் மானியம் பழவேற்காட்டுக்குப் பயன்படுமா? டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்குப் பயன்படாது.

ஆய்வு நாளில் படகு பழுதாகிக் கிடந்தால்? படகின் பதிவுச் சான்றுடன் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்வது நல்லது.