'ஒரிஜினல்' என்று பில்லில் எழுதுமுன்

வாகன உதிரிப்பாக வியாபாரத்தில் 'ஒரிஜினல்' என்ற சொல்லைப் போல் மலிந்துபோன சொல் வேறொன்றில்லை. பஞ்சிகாவத்தையில் ஒரு நாளைக்கு அது எத்தனை தடவை சொல்லப்படுகிறது என்று எண்ணப்போனால் தலை சுற்றும். கம்பனிப் பெட்டியில் வரும் புதுச் சாமானும் ஒரிஜினல்தான். ஜப்பான் வாகனத்திலிருந்து கழற்றிவரும் பாவித்த சாமானும் ஒரிஜினல்தான். விற்பவர் ஒன்றை நினைத்துச் சொல்ல, வாங்குபவர் வேறொன்றை நினைத்துப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். சில ஆயிரம் ரூபா விவகாரமென்றால் மனஸ்தாபத்தோடு முடிந்துவிடும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டு இப்படியான ஒரு சொல்லை வைத்து 1 கோடி பவுண் பெறுமதியான வியாபாரமொன்று நீதிமன்றப் படியேறியது.

சம்பந்தப்பட்டது பென்ட்லி கம்பனியின் 'ஸ்பீட் சிக்ஸ்' பந்தயக் கார். 'ஓல்ட் நம்பர் வன்' என்பது அதன் செல்லப்பெயர். பிரான்சின் லெ மான் 24 மணித்தியாலப் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் முதலிடம் பெற்ற கார் அது. பந்தயக் கார் என்றால் ஓட்டத்துக்கு ஓட்டம் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் விபத்துக்குள்ளாகி அதன் சாரதி கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தபோது, அதிலிருந்தது 8 லீட்டர் எஞ்சின். அதன் பின்னர் புதிய பொடி கட்டி வீதியில் ஓட்டினார்கள்.

பல கைகள் மாறிய இக்காரை, அப்போதைய உரிமையாளர் ஒரு கம்பனிக்கு விற்க உடன்பட்டார். பின்னர் வாங்கவிருந்த தரப்பு பின்வாங்கியது. "லெ மானில் ஓடிய காரின் பாகங்கள் இதில் எங்கே?" என்பதே அவர்களது வாதம்.

நீதிபதி ஒட்டன் காரைப் பாகம் பாகமாக ஆராய வேண்டியதாயிற்று. 1929இல் ஓடிய காருக்குரியதென்று நிரூபிக்கக்கூடிய பெரிய பாகம் எதுவுமில்லை. 1930இலிருந்து எஞ்சியவை பெடல் ஷாப்ட், கியர் பொக்ஸின் கூடு, ஸ்டியரிங் தண்டு அவ்வளவுதான். செசி, எஞ்சின் உட்பட மற்றவற்றில் பெரும்பங்கு 1932ஆம் ஆண்டுக்குரியது. இவ்வளவுக்கும் பிறகு விற்பவர் பக்கமே தீர்ப்புக் கிடைத்தது. பாகங்கள் மாறினாலும் கார் ஒருபோதும் இல்லாமற் போகவில்லை, அதன் இடத்துக்கு வேறொரு கார் வரவுமில்லை, சரித்திரம் அறுபடாமல் தொடர்கிறது என்பது நீதிபதியின் நியாயம். ஆகவே 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாவிட்டாலும் அதுதான் உண்மையான ஓல்ட் நம்பர் வன் என்றார். விற்றவரைக் காப்பாற்றியது இரும்பல்ல; எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவுகள்தான்.

பொருளின் குறையைத் தெரிந்துகொண்டு மறைப்பது ஹராம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் விடயத்தில் சிக்கல் வேறு. விற்பவருக்கே எது பழையது, எது பின்னர் வந்தது என்று தெரியாது. தெரியாததைத் தெரிந்தவர் போல் சத்தியம் பண்ணி விற்பதையும் நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை.

கண்டுபிடிக்க வழியுண்டு. அதில் எனக்குப் பிடித்தது ஆணிகளைப் பார்ப்பது. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஆணி அமெரிக்கக் கார்களில் புழக்கத்துக்கு வந்ததே 1930களின் நடுப்பகுதியில். 1929ஆம் ஆண்டுக் காரில் அது இருந்தால் பின்னர் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அக்காலத்து இங்கிலாந்துக் கார்களின் நட்டு போல்டுக்கு விட்வர்த் ஸ்பெனர் வேண்டும். மில்லிமீற்றர் ஸ்பெனர் கச்சிதமாகப் பிடிக்கிறதென்றால் அந்த போல்ட் பிந்தியது. வயரும் அப்படித்தான்: நூல் பின்னிய வயர் பழையது, பிளாஸ்டிக் உறையுள்ளது பிந்தியது.

1950, 60களின் எம்.ஜி., ட்ரையம்ப், ஜகுவார் போன்றவற்றுக்கு லூக்காஸ் கம்பனியின் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் நல்ல சாட்சி. மொடல் இலக்கத்தோடு செய்த காலமும் அவற்றில் அடிக்கப்பட்டிருக்கும். கார் வெளிவந்த திகதிக்கு ஓரிரு மாதம் முந்தியதென்றால் பொருந்துகிறது, பிந்தியதென்றால் மாற்றப்பட்டது. ஆனால் பொருந்திவிட்டதென்று துள்ளக்கூடாது. அதே மாதத்துச் சாமானை வேறொரு காரிலிருந்து தேடிப்பிடித்துப் பூட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள். அது அந்தக் காலத்துச் சாமான், அந்தக் காருடையதல்ல.

எஞ்சின் நம்பரில் இன்னும் கவனம் வேண்டும். பழைய நம்பரை ராவிவிட்டுப் புதிதாக அடித்தால் அந்த இடம் மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கும், சுற்றியுள்ள இரும்பைவிட வழுவழுப்பாக இருக்கும். விரலால் தடவினாலே சந்தேகம் தட்டும். தகட்டை மட்டும் நம்புவது வீண். அச்சொட்டாகப் புதுத் தகடு செய்து பகிரங்கமாகவே விற்கிறார்கள். ஜகுவார், எம்.ஜி. போன்றவற்றுக்குத் தொழிற்சாலைப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, கார் வெளியேறும்போது இருந்த எஞ்சின் நம்பர், நிறம் என்பவற்றைக் காட்டும் சான்றிதழ் இங்கிலாந்தில் கட்டணத்துக்குப் பெறலாம். நிறத்தை ஒத்துப்பார்க்க, டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் கைவைக்காத மூலையில் பழைய பெயிண்ட் கிடக்கும்.

இதனாலேயே காரை கராஜில் விட்டதும் முதலில் கழுவித் துடைக்க விடக்கூடாது. அழுக்கோடு படமெடுத்து, கழற்றும் ஒவ்வொன்றிலும் துண்டு கட்ட வேண்டும். பெயிண்ட் பூச்சு முழுமையாக அகற்றப்பட்ட பின் எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

விற்கும்போது 'முழுக்க ஒரிஜினல்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எஞ்சின் இக்காருடையது, கியர் பொக்ஸ் அதே வருடத்து வேறு காருடையது, முன் மட்கார்ட் புதிதாகச் செய்தது, டைனமோ பற்றித் திட்டமாகத் தெரியாது என்று பிரித்து எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். விலை கொஞ்சம் குறையலாம். மாற்றிய பழைய சாமான்கள் துருப்பிடித்திருந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், துண்டுகளோடு ஒரு பெட்டியில் வைத்து காருடனேயே கொடுத்துவிடுங்கள்.