சென்னையை முந்தி ஓடும் பெங்களூர்க் கடிகாரம்!

பொம்மனஹள்ளியில் ஓடும் கடிகாரம், சென்னையில் ஓடும் கடிகாரத்தைவிடச் சற்று வேகமாக ஓடுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இதே கதைதான். ஆண்டுக்கு எவ்வளவு முந்துகிறது தெரியுமா? ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், அதில் ஏறக்குறைய 3 பங்கு!

சென்னை கடலோரத்தில் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரே போகப் போகக் காலம் வேகமாக ஓடும். கீழே இறங்க இறங்க மெதுவாக ஓடும். பிழைப்புத் தேடி வந்து 30 ஆண்டுகளைப் பொம்மனஹள்ளியில் கழித்த தம்பிக்கு, சென்னையிலேயே தங்கிவிட்ட அண்ணனைவிட அதே கணக்கில் 90 பங்கு நேரம் கூடுதலாக ஓடியிருக்கிறது. கைக்கடிகாரத்தில் இது தெரியாது. அணுக் கடிகாரத்தில் தெரியும்.

இந்த விந்தைக்கு வித்திட்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். ஆண்டு 1915.

இழுப்பது யார்?

மரத்திலிருந்து மாங்காய் விழுகிறது. பூமி அதை இழுக்கிறது என்றார் நியூட்டன். சூரியன் பூமியை இழுப்பதும் அதே விசையால்தான் என்றார். கணக்கு சரியாக வந்தது. ஆனால் கயிறு இல்லை, கொக்கி இல்லை. கோடிக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் பொருளை எது போய் இழுக்கிறது? நியூட்டனுக்கே இதில் திருப்தி இல்லை.

ஐன்ஸ்டீன் வேறு விதமாகச் சொன்னார். நீளம், அகலம், உயரம் என்ற மூன்றுடன் காலமும் சேர்ந்து ஒரே நெசவாக இருக்கிறது. கனமான பொருள் இருக்கும் இடத்தில் அந்த நெசவு வளைந்துவிடுகிறது. அந்த வளைவில் நேராகப் போகிற வழியே விழுவதாகவும் சுற்றுவதாகவும் தோன்றுகிறது.

டார்ட் பிடித்த துணி

ஓசூர் ரோடு கார்மென்ட்ஸ் தொழிலாளருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேஜையில் தட்டையாக விரித்த துணியில், சாக்பீஸால் இரண்டு நேர்கோடுகள் போடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி எங்கும் ஒன்றே. இப்போது அவற்றுக்கு நடுவே ஒரு டார்ட் பிடித்துத் தையுங்கள். துணி புடைத்துக்கொள்ளும். டார்ட்டின் முனையைத் தாண்டியதும் கோடுகள் ஒன்றையொன்று நெருங்க ஆரம்பிக்கும். கோடுகளை யாரும் இழுக்கவில்லை. துணியின் வடிவம் மாறியது, அவ்வளவுதான்.

சூரியன் அப்படி ஒரு டார்ட். அதன் பக்கமாக வரும் நட்சத்திர ஒளிகூட வளைந்துதான் வரவேண்டும்.

"சும்மா கையில் வைத்திருந்த கல்லை விட்டால் அது ஏன் விழவேண்டும்? அது எங்கும் போகவில்லையே?" என்று கேட்கலாம். அது காலத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தலைமாட்டில் காலம் சற்று வேகம், கால்மாட்டில் சற்று மெதுவு. காலம் மெதுவாக ஓடும் பக்கம் கல்லின் வழி சாய்கிறது. அதைத்தான் விழுகிறது என்கிறோம்.

கோடைக்கானலில் நடந்த சோதனை

பொம்மனஹள்ளியிலிருந்து சில்க் போர்டு தாண்டிக் கோரமங்களாவுக்குப் போனால், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. கோடைக்கானல் மலையிலுள்ள சூரிய ஆய்வுக்கூடத்தை நடத்துவது இந்த நிறுவனம்தான். ஐன்ஸ்டீன் சொன்னது மெய்தானா என்ற கேள்வியில் அந்தத் தமிழ்நாட்டு மலைக்கும் பங்கு உண்டு.

1911 முதல் 1923 வரை கோடைக்கானலுக்கு டைரக்டராக இருந்தவர் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர். சூரிய ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் தெரியும். சூரியனில் ஆவியாக இருக்கும் இரும்பு போன்றவற்றின் அணுக்கள் இடும் கையெழுத்து அவை. ஒவ்வோர் அணுவும் ஒரு கணக்கில் அதிர்வதால், ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம். ஐன்ஸ்டீன் கணக்குப்படி சூரியனில் உள்ள கடிகாரம், பூமியில் உள்ளதைவிட ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பின்தங்கவேண்டும். அப்படியானால் அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கமாகத் துளி நகர்ந்திருக்கவேண்டும்.

எவர்ஷெட் அளந்தார். கோடுகள் நகர்ந்திருந்தன! ஆனால் ஒன்றுபோல் நகரவில்லை. சூரிய வட்டத்தின் நடுவில் ஓர் அளவு, விளிம்பில் வேறோர் அளவு. காரணம், சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் சோற்றுப்பானை மாதிரி. மேலே பொங்கி வரும் வாயு கோடுகளை எதிர்ப்பக்கம் தள்ளி, ஐன்ஸ்டீன் சொன்ன நகர்வை மறைத்துவிடுகிறது. இந்தச் சிக்கல் பிரிபடப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஒளி வளைவதை அளக்கவும் எவர்ஷெட் முயன்றார். 1919 மே 29 கிரகணத்தில் எடிங்டன் குழுவினர் அதை அளந்து உலகப் புகழ் பெற்றிருந்தார்கள். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒன்றேமுக்கால் பங்கு வளைவு என்பது ஐன்ஸ்டீன் கணக்கு. 1922 செப்டம்பர் 21 கிரகணத்துக்காக எவர்ஷெட் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரை வரை போனார். வானம் தெளிவாக இருந்தும் கருவிகள் காலைவாரிவிட்டன. அதே இடத்தில் முகாமிட்டிருந்த அமெரிக்க லிக் ஆய்வுக்கூடத்தார் நல்ல படங்கள் எடுத்து, ஐன்ஸ்டீன் சொன்னதே சரி என்று காட்டினார்கள்.

காலத்தின் வேகம் உயரத்துக்கு ஏற்ப மாறுவதைப் பூமியிலேயே அளந்தது 1960-ல். அமெரிக்காவின் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரத்துக்குள் பவுண்ட், ரெப்கா என்ற இருவர் அதைச் சாதித்தார்கள்.

கைப்பேசிக்குள் ஐன்ஸ்டீன்

இதனால் யாருக்கு என்ன லாபம்? வழி காட்டும் கைப்பேசியை நம்பி வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் முதல் லாபம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்கள், உயரத்தால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ வினாடி முந்துகின்றன. ஓடும் வேகத்தால் 7 மைக்ரோ வினாடி பிந்துகின்றன. மிச்சம் 38. (மைக்ரோ வினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.)

38 மைக்ரோ வினாடியில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். இந்தப் பிசகைச் சரிசெய்யாமல் விட்டால், சில்க் போர்டில் நிற்கிற டெலிவரிப் பையனை மறுநாளே எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் நிற்பதாகக் கைப்பேசி காட்டலாம். அன்றைய கூலி போனதுதான்! ஐன்ஸ்டீன் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே திருத்தி வைப்பதால் அது தப்புகிறது.

இந்தியாவின் சொந்த வழிகாட்டி ஏற்பாடான நாவிக்கின் மையம் பெங்களூரை அடுத்த பியாலாலுவில் இருக்கிறது. 2013-ல் ஏவிய அதன் முதல் செயற்கைக்கோளில் வைத்த மூன்று அணுக் கடிகாரங்களும் வெளிநாட்டில் வாங்கியவை. பிறகு மூன்றும் பழுதாயின. கடிகாரம் போனதும் அந்தச் செயற்கைக்கோளால் வழிகாட்ட முடியவில்லை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட என்.வி.எஸ்.-01-ல், முதல் தடவையாக இந்தியாவிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரம் போனது. அதற்கும் ஐன்ஸ்டீன் கணக்குப்படியே நேரம் திருத்தப்படுகிறது.