பூகன்வீல் என்னும் பெயர்

வேலியோரங்களில் ஊதாவும் சிவப்புமாய்ப் படர்ந்து நிற்கும் காகிதப்பூவுக்குப் போகன்வில்லா என்னும் பெயருமுண்டு. பசிபிக் சமுத்திரத்துத் தீவொன்றும் அதே பெயரைத் தாங்கி நிற்கின்றது. இரண்டும் 1729இல் பாரிஸில் பிறந்த பூகன்வீல் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் குடும்பப் பெயரினின்று வந்தவை.

1766இல் தொடங்கிய அவரது உலகப் பயணத்திலே பங்குகொண்ட தாவரவியலறிஞர் கொமேர்சன், 1767இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோவில் அச்செடியைச் சேகரித்துத் தம் தலைவர் பெயரைச் சூட்டினார். ஆண்வேடம் பூண்டு அவருக்கு உதவியாளாய்ச் சென்றவர் ஷான் பாரே என்னும் பெண்மணி. செடியை முதலிற் கண்டவர் அவரே என்று கருதுவோரும் உளர். மலருக்கு அவர் பெயர் வாய்க்கவில்லை.

தீவின் கதையோ வேறு. 1768இல் அதன் கீழ்க்கரையோரமாய்ச் சென்ற பூகன்வீல், கரையிறங்காமலே கடந்து போனார். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது! பிற்காலத்தில் அங்கே பாங்குனாச் செப்புச் சுரங்கத்தையொட்டி எழுந்த பூசல் 1988இல் போராய் மூண்டு, பத்தாண்டு நீடித்தது. 2019இல் நடந்த வாக்கெடுப்பிலே ஏறத்தாழ 98 வீதத்தினர் பாப்புவா நியூகினியினின்று பிரிந்து தனிநாடாதலையே வேண்டினர். அவ்வாக்குச் சீட்டில் அவர்தம் நாட்டுக்குரியதாய்ப் பொறிக்கப்பட்டிருந்ததும் அக்கடலோடியின் பெயரே.